வால் அளவு

நரி வேணும் என்றாள்.
நான் நிமிரவில்லை, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
ஆண்டு விழாவா, எத்தனையாம் வகுப்பு,
பிள்ளை என்ன உயரம் என்று கேட்டேன்.
எனக்குத்தான் என்றாள்.
அப்போதுதான் காலை எடுத்தேன்.

குன்னத்தூர் சத்திரத்து மாடியில் சிக்கந்தர் டெய்லர் என்று கேட்டால் காட்டுவார்கள்.
சித்திரைக்குக் கருப்பசாமி சல்லடம் தைக்கிறவன் நான்.
என் நோட்டில் மிருகங்களும் உண்டு.
வள்ளியை விரட்ட வரும் நாடக யானைக்குப்
பின்னங்கால் ஒரு ஜோடி, முட்டியில் இரட்டைத் தையல்.
முன்னங்கால்காரனுக்கு நூறு ரூபாய் கூட.
பின்னங்கால்காரன் விடிய விடியப் பார்ப்பது
முன்னவன் இடுப்பை மட்டும்.
மொகரத்துப் புலிக்குத் துணியே கிடையாது, பெயிண்ட்தான்;
எனக்கு வந்த வேலை ஒரு ஜட்டி.
நகைக்கடை வாசலில் கையாட்டும் முயலுக்குக்
காது நிற்கக் குடைக்கம்பி வைத்தேன்.

இவளுக்கு நேர்ச்சை இல்லை, மேளம் இல்லை,
யாரும் கூலி தரப்போவதும் இல்லை.
ரூபவதி. முனிச்சாலை. ஆடிட்டர் ஆபீசில் வேலை.
போனில் காட்டினாள், அவளே வரைந்தது:
வைகைக் கரையில் ஓடுகிற சாம்பல் நரி,
இடது காதில் ஒரு கிழிசல்.
கிழிசல் முக்கியம்ணே என்றாள்.

மார்பு முப்பத்தி நாலு. கை இருபத்தி ரெண்டு.
முதுகில் டேப்பை இறக்கிக்கொண்டே வந்து நின்றுவிட்டேன்.
இல்லாத ஒன்றுக்கு இதுவரை அளவு எடுத்ததில்லை.
வால் எங்கே ஆரம்பிக்கிறது?
அவள் யோசிக்கவே இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்
பெல்ட்டுக்கு ஒரு விரல் கீழே தொட்டாள்,
பாக்கெட்டில் சாவி இருக்கிறதா என்று தொடுகிற மாதிரி.
இங்கேருந்து, கணுக்கால் வரைக்கும்.

விளக்குத்தூணில் முடித்துணி மீட்டர் எண்ணூறு.
எதிர்க்கடை வீரணன் சிரித்தான்,
நரியைப் பரியாக்கின ஊர்ல
பொண்ணை நரியாக்குறியா பாய்?
அந்த லீலை அன்றைக்குக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன்.
ராஜாவும் பொற்காசும் எனக்கு மறந்துபோகும்.
லாயத்தில் நடுராத்திரி,
கொள்ளு தின்று சலித்த வாயில்
முதல் ஊளை எந்த நரிக்குத் திரும்ப வந்திருக்கும்,
அதுதான் தோன்றும்.

ட்ரயல் ஒரு ஞாயிறு.
ஃபேனை அவள் பக்கம் திருப்பிவைத்தேன்.
உள்ளே ஏறி, தலையை மாட்டி,
கொசுவலைக் கண்ணால் கண்ணாடியைப் பார்த்தாள்.
என் கால் தானாகத் தாளத்துக்குக் காத்திருந்தது.
புலி என்றால் தரையில் கிடக்கும் நோட்டை வாயால் கவ்வும்.
யானை என்றால் ஒரு பிளிறலாவது.
இது ஒன்றும் செய்யவில்லை.
ஸ்டூலில் உட்கார்ந்தது.
வாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது,
பஸ்ஸில் பையை வைத்துக்கொள்வது போல.
கொஞ்சம் கழித்துத் தோள் இறங்கியது,
இரண்டு விரற்கடை இருக்கும்.
அப்போது தெரிந்தது, தோள் அளவு தப்பு.
நான் அளக்கும்போது தூக்கிவைத்திருந்திருக்கிறாள்.

பிரித்துத் தைத்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை.

பெங்களூரிலிருந்து போட்டோ அனுப்பினாள்.
ஏதோ ஒரு ஹாலில் பதினோரு பேர்:
ஓநாய், நீலப் பூனை, இறக்கை வைத்த ஒன்று
அதற்குப் பேர் தெரியவில்லை.
நம்ம நரி ஓரத்தில், தட்டில் இட்லியோடு.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
தையல் எங்கேயும் இழுக்கவில்லை.

மிச்சத் துணி ஒன்றரை மீட்டர் கிடக்கிறது.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டேப்பை என் முதுகுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தேன்.
பெல்ட் கிடையாது, கைலிதான்.
எங்கே தொடுவது என்று விரல் கொஞ்சம் தேடியது.
கிளம்பலையா பாய் என்று
வெளியே வீரணன் சாவிக்கொத்தைக் குலுக்கினான்.
இருபத்தி ஆறு என்று நோட்டில் எழுதினேன்.
அட்வான்ஸ் என்ற கட்டத்தில் ஒரு கோடு.